சந்தனம் பூசிய கம்ப்யூட்டர்

எங்கள் வைட்ஃபீல்ட் அலுவலகத்தில் ஆயுத பூஜைச் சுண்டல் நன்றாக இருக்கும். அதைச் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும் சார், பூஜையை நடத்தியவன் நான்.

முதியோர் இல்லங்களில் கட்டிலோரம் ஒரு பொத்தான் இருக்கும். அமுக்கினால் நர்ஸ் அறைப் பெட்டியில் மணி அடிக்கும். அந்தப் பெட்டிக்கான மென்பொருளை நான்கு வகைப் புராசஸர்களுக்குத் தனித்தனியாகத் தயாரித்து அனுப்புவது என் வேலை. மாவு ஒன்று, தோசைக்கல் நான்கு. நான்காவது வகை, பழைய பெட்டிகளுக்கானது. அதைத் தயாரிக்க ஒரே ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர்தான் இருந்தது. பக்தி மிகுதியில் அதற்கு மட்டும் சந்தனத்தைத் தாராளமாகப் பூசினேன். ஃபேனுக்குள் போய்விட்டது. மறுநாள் அது எழுந்திருக்கவில்லை.

பழுதுபார்க்கப் படிவம் உண்டு. 'காரணம்' என்ற கட்டத்தில் 'சந்தனம்' என்று எழுதக் கூச்சமாக இருந்தது.

அந்த வாரம்தான் ஒரு பிழை தெரியவந்தது: பன்னிரண்டு நாள் நிறுத்தாமல் ஓடினால் மணி ஊமையாகிவிடும். பிழையைத் திருத்தி மூன்று வகைக்கும் தயாரித்தேன். நான்காவதற்குத் திருத்தாத பழையதையே எடுத்து, புது வெர்ஷன் எண் ஒட்டினேன்.

"சந்திரன், நாலும் ஆயிடுச்சா?" என்றார் மேனேஜர் நிருபமா.

"ஆச்சு மேடம். டெஸ்ட் எல்லாம் பாஸ்."

"நீ இருக்கறதாலதான் நான் நிம்மதியா வீட்டுக்குப் போறேன்பா."

அந்த நிம்மதியைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. இளகிய மனசு எனக்கு.

சில நாள் கழித்து, பழைய பெட்டி வைத்திருந்த மர்பி டவுன் முதியோர் இல்லத்திலிருந்து நர்ஸ் கேத்தரின் கூப்பிட்டார்.

"தம்பி, பொட்டியில புது நம்பர்தான் காட்டுது, மணி மட்டும் அடிக்கல. நம்ம ரெமிஜியஸ் அங்கிள் அமுக்கி அமுக்கிப் பாத்துட்டு, 'கன்னடத்துல கேட்டாதான் அடிக்குமா'ங்கறாரு."

"ஒருவாட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சிஸ்டர்."

அடித்தது. "நல்லா இருப்பா" என்றார்.

பன்னிரண்டு நாளில் மறுபடி ஊமையாகும் என்று எனக்குத் தெரியும். அன்று கூப்பிட்டு இன்னொரு முறை ஆஃப் பண்ணச் சொல்லலாம் என்று காலண்டரில் குறித்தும் வைத்தேன். அன்று டீம் லஞ்ச்.

மறுநாள் மதியம் ரெமிஜியஸ் அங்கிளுக்கு மூச்சு முட்டியது. கேத்தரின் பக்கத்து அறையில்தான் இருந்தார். நாலு மணிக் காபியோடு போனபோதுதான் அவரைப் பார்த்தார்; உயிர் போயிருந்தது.

ஒப்புக்கொள்கிறேன், இதைச் செய்தவன் நான்தான். ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அவர் பதினொரு முறை அமுக்கியிருக்கிறார். ஒவ்வொன்றும் மணி, நிமிஷம், நொடியோடு பெட்டியில் பதிவாகியிருக்கிறது. ஆகவே மென்பொருள் வேலை செய்யவில்லை என்று விசாரணை அறிக்கையில் நீங்கள் எழுதுவது அவ்வளவு சரியாக இருக்காது சார்.