பங்க் கச்சேரிக்கு நாற்காலி

இல்ல, நான் கேக்குறேன், நின்னு குதிக்கிற பங்க் ராக் கச்சேரிக்கு எவனாச்சும் நாற்காலி போடுவானா? அதுவும் வரிசையா, நடுவுல வழி விட்டு, கல்யாணத்துக்குப் போட்ட மாதிரி... நீ உக்காரும்மா, உன்னச் சொல்லல. போட்டிருக்கு, உக்காந்துட்ட. நானுந்தான் உக்காந்திருக்கேன். ஆனா மனசு ஆறல பாரு.

இதே மண்டபந்தான். எங்க காலத்துல கிளீவ்லண்ட்ல எந்த பார்லயும் எங்கள உள்ள சேக்க மாட்டான். வயசு பத்தாது, மூஞ்சியும் சரியில்ல. பக்கத்து ஊரு, இந்த பார்மாவுல உக்ரேனியச் சங்கத்துக்காரங்கதான், கல்யாணம் இல்லாத சனிக்கெழமையா பாத்து எங்களுக்கு வாடகைக்கு விட்டாங்க. இங்க நாங்க கத்துவோம். பின்கட்டுல அவங்க வீட்டுப் பொம்பளைங்க ஞாயித்துக்கெழம விக்கறதுக்கு பியெரோகி மடிச்சுக்கிட்டு இருப்பாங்க, உருளக்கெழங்கு வச்ச அவங்க ஊரு கொழுக்கட்ட. உருளக்கெழங்கு வேகுற வாசனையிலதான் நான் புரட்சியே கத்துக்கிட்டேன். சிரிக்காத, நெசமாத்தான் சொல்றேன்.

இதெல்லாம் எனக்குக் காட்டுனது டார்லீன். இன்னிக்குப் பாடப் போறாளே, அவதான். பள்ளிக்கூடம் விட்டதும் ரெண்டு பேரும் ஒரு டோனட் கடையில வேல பாத்தோம். ஒருநா ஒரு கேசட்ட நீட்டுறா. காலேஜ் ரேடியோவுல வந்தத பதிஞ்சு வச்சிருக்கா, பாதிக்குப் பாதி இரைச்சல். மாவுக் கையோட போட்டுக் கேட்டேன். ஐயோ, எப்படிச் சொல்றது... பாடுறவனுக்குப் பாட வரல, வாசிக்கிறவனுக்கு வாசிக்க வரல. ஆனா அதப் பத்தி ஒருத்தனும் கவலப்பட்ட மாதிரியே தெரியல. அங்கதாம்மா விழுந்தேன். எங்க வீட்டுல, "கெயிலுக்கு ஒண்ணும் வராது"ன்னு விருந்தாளிங்ககிட்டயே சொல்லுவாங்க. ஒண்ணும் வராதவங்களுக்கும் ஒரு பாட்டு இருக்குன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. அந்த சந்தோஷத்துல ஒரு தட்டு டோனட்டக் கருக்கிட்டேன். முதலாளி கத்துன கத்து அந்தப் பாட்டோட ஒத்துத்தான் போச்சு.

காதுல என்னது, பஞ்சா? ஆமா ஆமா, இப்பல்லாம் வாசல்லயே குடுக்குறாங்களாம். எங்களுக்கு வாசல்ல புறங்கையில கறுப்பு மையால பெருக்கல் குறி போடுவான். சின்னப் புள்ள, பீர் குடுக்காதன்னு அர்த்தம். எங்களுக்கு அதுதான் பதக்கம். கையக் கழுவுறதே இல்ல. மங்குச்சுன்னா நானே வரைஞ்சுக்குவேன். ஒருதடவ எங்கக்கா கல்யாணத்துக்கு வெள்ளக் கையுறையோட நின்னேன், கொதிக்கிற ஜூலையில. இன்னொரு கூத்து கேளு. எனக்கு வயசு வந்தப்புறமும், "எனக்கும் போடு"ன்னு சண்டை போட்டுக் குறி வாங்கிக்கிட்டேன், வீறாப்புல. உள்ள போயி பீர் கேட்டா தர மாட்டேன்னுட்டான். எத்தன சொல்லியும் கேக்கலயே. அன்னிக்கு எனக்குப் பொறந்தநாள் வேற.

எதுக்கு ஆரம்பிச்சேன்... ஆங், நாற்காலி. டார்லீன் மொதமொதல்ல மேடை ஏறுன அன்னிக்கு இருந்த பசங்க எல்லாரும் கையக் கட்டிக்கிட்டு, பரீட்சை வாத்தியார் கணக்கா நின்னானுங்க. இவ பாட்டு நடுவுலயே சொவத்தப் பாத்துத் திரும்பிட்டா. எனக்குத் தாங்கல. முன்னாடி போயி தனியாளா குதிச்சேன். பைத்தியக்காரி மாதிரி முட்டி மோதிக் குதிச்சேன். ஒரு ஆளு குதிச்சா பக்கத்து ஆளும் குதிப்பான், அதுதான் இங்க வழக்கம். கொஞ்ச நேரத்துல மண்டபமே ஆடுது. இவளும் திரும்பிப் பாடிட்டா. அதுக்கப்புறம் அவ பாடுன எல்லாத்துலயும் முன்னாடி நாந்தான். சில பேரு கிட்டார் வாசிப்பாங்க, சில பேரு டிரம்ஸ். நான் குதிப்பேன்.

போன வருஷம் அவளுக்குத் தொண்டையில ஆபரேஷன். இனிமே பேசுவாளான்னே தெரியாம கெடந்தோம். இப்பக் குரல் வந்துருச்சு, கதவத் தேய்க்கிற உப்புத்தாள் மாதிரி. இந்தப் பாட்டுக்கு அது போதும்னு நான் கேலி பண்ணுனா அழுவுறா. போன வாரம் போன் பண்ணிச் சொல்றா: "கெயில், நீ முன்னாடி நின்னு குதி, நான் பாடிருவேன். ஜனம் உக்காந்து வேடிக்க பாத்துச்சுன்னா நான் வீட்டுக்குப் போயிருவேன். அப்புறம் என்னைக்கும் பாட மாட்டேன்." சரிடி, குதிக்கிறேன்னுட்டேன்.

எனக்கு ஆபரேஷன் பண்ணி முட்டி மாத்துனத அவகிட்ட நான் சொல்லல. அவளே அந்த நெலமையில இருக்கா, அவகிட்டப் போயி எப்படிச் சொல்றது... அதனால மண்டபத்த பாத்துக்கிற போதான்னு ஒருத்தன்கிட்டப் பேசி, ஓரமா ஒரு நாற்காலி வேணும்னு கேட்டேன். ஒரே ஒரு நாற்காலி. அவன் யாருக்குன்னு கேட்டான். எனக்கு மட்டும்னு சொல்ல வெக்கமா இருந்துச்சும்மா. அந்தக் காலத்துல மேடையில இருந்து குதிச்சவ நானு. "எங்க ஆளுங்க எல்லாருக்குமே முட்டி போச்சுப்பா"ன்னு சொல்லித் தொலைச்சேன். நல்ல மனுஷன், இரக்கப்பட்டு கல்யாண நாற்காலி மொத்தத்தையும் எடுத்துப் போட்டுட்டான். என்ன அப்படிப் பாக்குற... ஆமா, நாந்தான்.

அந்தா, திரை ஓரத்துல எட்டிப் பாக்குறா பாரு. மூஞ்சி வெளுத்துருச்சு. வீட்டுக்குப் போக கோட்டத் தேடுறாளே... எந்திரிம்மா, சீக்கிரம். நாற்காலிய மடிச்சு ஓரமா சாத்து. பின்னால இருக்கவங்களையும் எழுப்பு. யாரு போடச் சொன்னதுன்னு கேட்டா கெயில்னு சொல்லு, பரவால்ல. 

என்னோடதா? அத மொதல்ல எடுத்துட்டுப் போ. பக்கத்துல இருந்துச்சுன்னா உக்காந்துருவேன்.