வடக்கே போற மணல்

இல்லம்மா மெரின், உன்னப் பாக்காத மாதிரி போவல. வெயிலு கண்ணுல அடிச்சுது. சரி சரி, பாத்துட்டுத்தான் திரும்பிக்கினேன், போதுமா? உக்காரு, இந்தப் பக்கம் நெழலு இருக்குது. மணிக்கூண்டாண்ட பஸ்ஸுக்கு நிக்க வந்தா நீ எதிர்ல வந்து நிப்பேன்னு நான் கண்டேனா?

சின்னப்பாப்பாக்கா இருக்காங்களான்னு நீ வந்து கேட்டப்ப, அத்த மார்க்கெட்டுக்குப் பூட்டாங்கன்னு என் மருமவ உன்ன வாசல்லயே திருப்பி அனுப்புனா இல்ல, அப்ப நான் உள்ளதான் இருந்தேன். ஒருதரம் இல்ல, நீ வந்தப்பல்லாம். அவள ஒண்ணும் சொல்லாத. நான் சொல்லிக் குடுத்ததத்தான் அவ சொன்னா.

கோவமா? உம்மேலயா? கோவப்பட எனக்கு இன்னா யோக்கியத இருக்குது? என் மீன் தட்ட எடுத்து வச்சி நீ பாடம் நடத்துன பாரு, அன்னிலேர்ந்து உம் மூஞ்சிய நேராப் பாக்க முடியல. அவ்ளோதான்.

உம் படிப்பே எனக்கு மொதல்ல வெளங்கல. மனித சூழலியல்னே. மீனப் பத்தியாம்மான்னா, அதுவும்தான்கான்னே. கடலா, அதுவும்தான். சட்டமா, வைத்தியமா, ஜனங்க கதையா, எல்லாத்தையும் தொட்டுக்கும்கான்னே. எல்லாத்தையும் தொட்டுக்க இது இன்னா சட்னியான்னு நான்கூட கிண்டல் பண்ணேன். கடக்கரைக்கு வந்தவ அலையப் பத்திக் கேப்பேன்னு பாத்தா, பொண்ண எந்த ஊர்லக்கா குடுத்திருக்கீங்கன்னு ஆரம்பிச்சே. என்னாண்ட மட்டுமா, ஊரெல்லாம் அதே கேள்வி. நாத்தனாரு எங்க, அத்த எங்க, தங்கச்சி எங்க. வந்திருக்குறது காலேஜ் பொண்ணா கல்யாணத் தரகரான்னு எங்க வூட்டுக்காரரு கேட்டாரு.

ஆனா கேட்டதுல ஒண்ணு தெரிஞ்சிது. வைத்திக்குப்பத்துல பாதி வூட்டுப் பொண்ணுங்க கோட்டக்குப்பம் தாண்டி வடக்கத்தான் இருக்குதுங்க. எங்க ஆளுங்க கடக்கரைய வுட்டு உள்ள குடுக்க மாட்டாங்க. என் ஹேமலதாவும் அங்கதான வாழுறா. இத்தினி வருசம் இருந்தும் நான் அத ஒரு கணக்கா பாத்ததே இல்ல.

அப்புறம்தான் அந்தத் தட்டு. ஈர மணலப் பரப்புனே. இந்த ஓரம் உங்க குப்பம்கா, அந்த ஓரம் உங்க பொண்ணு ஊருன்னே. நடுவுல ஒரு பெரிய கிளிஞ்சல குறுக்க சொருவுனே. இதான் கடலுக்குள்ள நீட்டிக் கொட்டப் போற கல்லு, தூண்டில் வளைவுன்னே. சொம்புத் தண்ணிய எங்க பக்கத்துலேர்ந்து மெதுவா ஊத்துனே. கிளிஞ்சலுக்கு இந்தாண்ட மணலு அப்புடியே சேந்துது. எனக்கு சந்தோசமா இருந்துது, கைகூடத் தட்டுனேன். அப்புறம் நீ அந்தாண்ட வெரல வச்சிக் காட்டுனே. அங்க தட்டோட தகரம் தெரிஞ்சிது.

மணலு தெக்கேர்ந்து வடக்க நடந்துனே இருக்குது, நடுவுல நிறுத்துனா வடக்க இருக்குறவங்களுக்குக் கரை இல்லக்கான்னே. மணலும் வடக்க போவுது, பொண்ணுங்களும் வடக்க போவுது, ரெண்டையும் ஒண்ணா வச்சிப் பாக்குறதுதான் என் படிப்புன்னே. அன்னிக்கு எனக்குக் கிண்டல் பண்ண வரல. அந்தத் தட்டக் கவுத்து வச்சிட்டேன்மா. வேற தட்டுலதான் இப்ப மீன் விக்கிறேன்.

எங்க நெலம உனக்குத் தெரியாததா? போன மழைக்கு அலை சமையக்கட்டு வரைக்கும் வந்துது. எம்மவன் செல்வகுமாரு புள்ளைங்க ரெண்டும் கட்டில் மேல ஏறி நின்னு அழுவுதுங்க, கீழ அரிசி மூட்ட மெதக்குது. பின்பக்கத்து செவுரு பூடுச்சி. வலை காயப்போட எடமில்ல, படகு ரோட்ல நிக்குது. கடல்ல எதுத்து நிக்கலாம்மா, வூட்டுக்குள்ள வந்த கடலாண்ட இன்னா பண்றது? அதான் ரோட்ட மறிச்சோம். பொம்பளைங்கள்ல முன்னாடி உக்காந்தவ நானு. போலீஸ்காரம்மா கையப் புடிச்சி இழுத்தாங்க, எழுந்திரிக்கல. கல்லு கொட்டு, கல்லு கொட்டுன்னு கத்தி தொண்ட கட்டிப் போச்சி. அன்னிக்கு எனக்கு ஒண்ணும் தெரியாது. சாமி சத்தியமா தெரியாது. நீ தட்டுல காட்டுனது அதுக்கப்புறம்.

ஆமா, தெரிஞ்சப்புறம்? அதத்தான் நீ கேப்பேன்னு எனக்குத் தெரியும்.

தெரிஞ்சப்புறம் வாயத் தொறக்கல. எங்க ஊர்ப் பஞ்சாயத்துல வந்து பேசணும், மாமாவாண்ட கேளுங்கக்கான்னு சொன்னே இல்ல? எங்க வூட்டுக்காரராண்ட கேட்டேன், அவரு வேணாம்னுட்டாருன்னு சொன்னேன். நான் கேக்கவே இல்லம்மா. கேட்டிருந்தா அந்த மனுசன் மறுநாளே கூட்டத்துல வச்சிருப்பாரு. நேர்மையான ஆளு, அதான் பயம். கூட்டத்துல பேசுனா சேதி வடக்க போவும். அங்க எம்மருமவன் மதிவாணன் சும்மா இருப்பானா? ஊரையே கெளப்பினு வந்து கல்லு லாரிக்கு முன்னால நிப்பான். நிக்கிறதுதான் ஞாயம். ஆனா கல்லு நின்னுபோனா எம்பேரப் புள்ளைங்கள நான் எங்க தூக்கினு ஓடுறது?

வேற வழி இருக்குதுன்னு நீ சொன்னது மறக்கல. கல்லாண்ட சேர்ற மணல அள்ளி வடக்க கொண்டுபோய்க் கொட்டினே இருக்கணும். யாரு கொட்டுறது? இது பாண்டிச்சேரி, அது தமிழ்நாடு. இவன் அவனக் கையக் காட்டுவான், அவன் இவனக் கையக் காட்டுவான். எப்பக்கா நடக்கும்னு கேட்டதுக்கு நீயே உதட்டப் பிதுக்குனே. லாரி நாளைக்குக் காலையில வருது. எங்க தெருவுல இப்பவே தோரணம் கட்டுறானுங்க.

எனக்கு ரெண்டே புள்ளைங்க. ஒண்ணு கல்லுக்குத் தெக்க, ஒண்ணு கல்லுக்கு வடக்க. ஒண்ணக் கரையேத்துறதுக்கு இன்னொண்ணத் தள்ளி வுடுறேன். உம் படிப்புல இதுக்கு எதுனா பேரு இருக்குதா? சும்மா சொல்லாத, இருக்கும். எங்க வூட்டுப் பேச்சுல இதுக்குத் துரோகம்னு பேரு.

நீ அழாத. நீ ஏன் அழுவுற? நாலு பேரு பாக்குறாங்க, நான்தான் உன்ன எதுவோ திட்டிட்டேன்னு நெனைப்பாங்க.

அது சரி, நீ எங்க கெளம்பிட்ட இந்த வெயில்ல? அங்கயா? ஹேமா ஊருக்கா? ஊர்க்காரங்கள உக்கார வச்சிப் பேசவா? இன்னிக்கேவா?

தப்புன்னு சொல்லல. நீ சொல்லத்தான் வேணும். நான் பெத்தவ, நானே சொல்லியிருக்கணும். ஆனா ஒருநா தள்ளிப் போடேன் கண்ணு. மொத லாரி கொட்டிடட்டும். கொட்டுனத எவனும் திருப்பி அள்ள மாட்டான். அதுக்கப்புறம் நீ போய்ச் சொல்லு, யாரு மறைச்சாங்கன்னு எம்பேரையும் சேத்துச் சொல்லு. ஹேமா என் மூஞ்சியில துப்பட்டும், தொடச்சிக்கிறேன். நாளைக்கு வரைக்கும் குடு.

அப்புடிப் பாக்காத. என்னால தாங்க முடியல.

எனக்கும் அந்த பஸ்ஸுதான். ஆமா, ஹேமாவப் பாக்கத்தான். இன்னிக்கு அவ வூடு கட்ட அஸ்திவாரம் போடுறா. இத்தினி நாளு மாமியாரோட ஒரே ரூம்ல இடிச்சினு கெடந்தா, பாவம். தேங்கா, பூவு, மஞ்ச, அவளுக்கு ஒரு பொடவ, எல்லாம் இந்தப் பையிலதான் இருக்குது. பொண்ணு வூடு கட்டுனா அம்மாக்காரி போய் எடத்துல நின்னு பாத்து, சரின்னு சொன்னாத்தான் மண்வெட்டியத் தொடுவாங்க. எங்க வூட்டு வழக்கம் அது. போன வாரமே வரச் சொன்னா, போய்ப் பாத்துட்டும் வந்துட்டேன்.

ரெண்டு எடம் காட்டுனாங்கம்மா. ஒண்ணு மேல, ரோட்டாண்ட, அவ மச்சினன் வூட்டுப் பின்னால. கொஞ்சம் குறுகலு. இன்னொண்ணு கீழ, கடலோரம். எந்த எடத்துல கட்டட்டும்மான்னு எம்மூஞ்சியையே பாத்துனு நின்னா. ரோட்டாண்ட கட்டுடின்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துது. ஆனா ஏம்மான்னு கேப்பா. சின்னதுலேர்ந்தே ஏன் ஏன்னு உயிர எடுக்குற புள்ள அவ, காரணம் தெரியாம வுட மாட்டா.

பஸ்ஸு வந்துடுச்சி. பையப் புடி, நான் ஏறிக்கிறேன்.

எந்த எடத்தச் சொன்னேன்னா கேக்குற? கீழதான்மா. கடலப் பாத்து கட்டுடி, காத்து நல்லா வரும்னு சொல்லிட்டு வந்தேன்.