மொத்தமாய் எண்ணியவனும் பிரித்துப் பார்த்தவளும்

அவையைக் கட்டி ஆளும் தலைவர் அவர்களே, மூத்த பெருமக்களே, குடத்தோடு வந்து குவிந்திருக்கும் தாய்மார்களே, முதல் வரிசையில் அமர்ந்து என்னை இப்போதே சந்தேகிக்கும் என் மாமியார் அவர்களே, வணக்கம்!

மூடிய கிணற்றை இன்று திறக்கிறோம். அதை மூடவே வேண்டாம் என்று முழங்கிய மேதை யார்? அடியேன்தான்! கைதட்டாதீர்கள் ஐயா, அது பெருமைக்குரிய செய்தி அல்ல.

நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் நானும் என் மனைவியும் ஒன்றாக வேலை பார்க்கிறோம். என்னுடையது பிளாஸ்மாக் கருவி. சூரியனின் மேற்பரப்பைவிடச் சூடான சுவாலை! சொட்டு நீரில் ஒளிந்த உலோகமெல்லாம் அதில் ஒளியாய் வெளிப்படும். அது எரியும்போது நானே ஒளிர்வதாய் எனக்கொரு நினைப்பு. அவளுடையது அயனிகளைப் பிரிக்கும் கருவி. மெல்லிய குழாய்க்குள் நீரை விட்டு, அயனிகள் ஒவ்வொன்றாய் வரும்வரை காத்திருக்கும். "இதென்ன மிஷினா, டிக்கெட் கவுன்ட்டரா?" என்று கேலி செய்வேன்.

குரோமிய முலாம் பூசும் பட்டறையின் தொட்டி கசிகிறது என்று தெருவில் பேச்சு எழுந்தது. கிணற்று நீர் எங்களிடம் வந்தது. குரோமியம் வரம்புக்குள் இருப்பதாக என் கருவி சட்டென்று சொன்னது. இதே தெருவில் குடியிருக்கும் மாமியாரிடமிருந்து போன்.

"மாப்ளே, இந்தத் தண்ணியைக் குடிக்கலாமா?"

"தாராளமா குடிங்க அத்தை. என் மிஷினே சொல்லிடுச்சு!"

மனைவி போனைப் பிடுங்கினாள். "அம்மா, ஒரு வாய்கூடக் குடிக்காதே!"

குரோமியத்துக்கு இரண்டு வடிவம் உண்டு. ஒன்று அவ்வளவாகத் தீங்கு செய்யாது. மற்றது நஞ்சு, அதற்கு வரம்பும் மிகக் குறைவு. என் சுவாலை இரண்டையும் ஒன்றாகவே எண்ணும். அவள் கருவி பிரித்தது. இருந்ததெல்லாம் நஞ்சு, அதுவும் அதன் வரம்பைத் தாண்டி!

நான் விட்டேனா? "உன் மிஷின்லதான் கோளாறு" என்றேன். அவள் சண்டை போடவில்லை. அளவு தெரிந்த கரைசலை ஓட்டிக் காட்டினாள்; சரியாக வந்தது. கிணற்று நீரை மறுபடி ஓட்டினாள், அதே நஞ்சு.

"உங்க கணக்கு தப்பில்லைங்க. எத்தனை பேர் வந்தாங்கன்னு சொன்னீங்க. யார் வந்தாங்கன்னு நான் சொல்றேன்."

வெள்ளைக் கோட்டோடு இதே தெருவில் ஓடினேன். "குடிக்காதீங்க! குடிக்காதீங்க!" என்று கத்தினேன். என்ன அம்மா சொல்கிறீர்கள்? யாரும் நம்பவில்லையா? எப்படி நம்புவீர்கள்! குடிக்கச் சொன்னதும் இதே வாய்தானே! பின்னாலேயே அவள் வந்து சொன்ன பிறகுதான் குடங்கள் கவிழ்ந்தன, கிணறும் மூடப்பட்டது.

பட்டறைக்காரர் தொட்டியை மாற்றினார். நஞ்சேறிய மண்ணை வெட்டி அகற்றினார். மாதக்கணக்கில் நீரை இறைத்தோம், இறைத்து இறைத்துச் சோதித்தோம். எந்தக் கருவி பெரியது என்று இன்னும் கேட்பீர்களா? எவ்வளவு என்று கேட்க ஒன்று வேண்டும், எது என்று கேட்க ஒன்று வேண்டும், இரண்டையும் கேட்கும் நெஞ்சு நமக்கு வேண்டும்! இன்று இரண்டு கருவிகளும் ஒரே குரலில் சொல்கின்றன: இது நல்ல நீர்!

சற்றுமுன் முதல் டம்ளரை மாமியாரிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டு மகளைப் பார்த்தார். அவள் தலையசைத்த பிறகே குடித்தார். உண்மையைச் சொன்னால், நானும் அப்படித்தான் குடித்தேன்.

இந்தத் தொண்டையைப் பொறுத்துக்கொண்ட காதுகளுக்கெல்லாம் நன்றி. வணக்கம்!