பூட்டின வீட்டுக்கு அஞ்சுக்கு நாலு

…ஆணியக்கூட விட்டு வைக்கலையே அந்த மனுஷன்! உங்களுக்கு முன்னாடி அந்த வீட்ல இருந்தாரே, பொருளாதாரத் துறைக்காரரு, அவரத்தான் சொல்றேன். போறப்ப சுவத்துல இருந்த ஆணியெல்லாம் பிடுங்கிட்டுப் போயிட்டாரு. இல்லன்னா நீங்க குடிவந்த மறுநாளே சுத்தியல் கேட்டு இங்க வந்து நிக்க வேண்டியிருக்காது. உள்ள வாங்க, வாசல்ல நிக்காதீங்க. சுத்தியல் எங்கியோதான் இருக்கு. இந்த வீட்ல எது வச்ச எடத்துல இருக்கு? எந்த அலமாரியத் தொறந்தாலும் எங்க வீட்டுக்காரரோட பேப்பர்தான் மேல விழும்.

ஏன் பிடுங்கினாரா? கோவம்ங்க. விலைவாசியப் பத்தி ஒரு கட்டுரை எழுதினாரு. ஏறியிருக்குன்னு எழுதினாரு, அவ்வளவுதான். காய் வாங்கப் போற எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். அதுக்கு அவரத் தூக்கி நூலகத்துக் கீழ்தளத்துல போட்டாங்க. உடைஞ்ச நாற்காலிக்கு நம்பர் எழுதற வேலை. வகுப்பு போச்சு, அதோட குவார்ட்டர்சும் போச்சு. ஐயோ, உங்களப் பயமுறுத்தறதுக்காகச் சொல்லலீங்க. உங்க வீட்டுக்காரரு கணக்குதான? கணக்குல யாருக்கு என்ன கோவம் வரப்போகுது.

நம்ம யுனிவர்சிட்டி வாசல்ல பெரிய பலகை பாத்தீங்கல்ல? 'தன்னாட்சிப் பல்கலைக்கழகம்'னு. அந்தப் பலகைக்கு நீலம் அடிக்கறதா பச்சை அடிக்கறதான்னு மேலேருந்து உத்தரவு வர்ற வரைக்கும் அது சாக்கப் போத்திக்கிட்டு நின்னுச்சு. அப்படிப்பட்ட தன்னாட்சி! எங்க வீட்டுக்காரருக்கும் வீட்ல அது உண்டு. எந்தச் சட்டை போடறதுன்னு அவரே முடிவு பண்ணிக்கலாம், நான் எடுத்து வச்ச ரெண்டுல.

ஆங், சுத்தியல் கெடச்சிருச்சு. இருங்க, தரேன். என்ன அவசரம், ஆணி எங்கயும் ஓடிடாது. உக்காருங்க.

எங்க வீட்டுக்காரரு சமூகவியலுங்க. ஆத்தங்கரைக் குடிசைய எல்லாம் இடிச்சிட்டு, அந்த ஜனங்களுக்கு ஊருக்கு வெளிய அடுக்குமாடி கட்டிக் குடுத்தாங்கல்ல, அங்க போய் ஆராய்ச்சி. பாதி வீடு பூட்டியே கெடந்துச்சாம். உள்ள போய்ப் பாத்தா அடுப்பு மேடையில ஒட்டின பிளாஸ்டிக் தாளக்கூட இன்னும் யாரும் உரிக்கல. வேலை இங்க, வீடு அங்க, நடுவுல பஸ் கெடையாது. அதுங்க திரும்ப ஆத்தங்கரைக்கே வந்து தகரத்தக் கட்டிக்கிட்டு இருக்கு. ஒவ்வொருத்தரும் பேசினதப் பதிவு பண்ணிக் கொண்டு வருவாரு. காதுல மாட்டிக்கிட்டுக் கேட்டுக் கேட்டு டைப் அடிக்கறது யாரு? சம்பளம் இல்லாத இந்த உதவியாளர்தான்.

அதுல ஒரு அம்மா, வீட்டு வேலைக்குப் போறவங்க. ஆபீசருங்க பாக்க வர்ற அன்னிக்கு மட்டும் போய் வெளக்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருப்போம், வந்து பாத்துட்டு அவங்களும் சந்தோஷமாப் போவாங்க, நாங்களும் சந்தோஷமாத் திரும்பிடுவோம்னு சொல்லிட்டு ஒரு சிரிப்பு சிரிச்சாங்க பாருங்க… எனக்கு அத எப்படி டைப் அடிக்கறதுன்னே தெரியல.

அறிக்கையக் குடுத்தாரா, துறைத்தலைவரு ஓடி வந்துட்டாரு. நாங்க அவருக்கு வச்ச பேரு 'ஆகட்டும்'. மேலேருந்து யாரு எது சொன்னாலும் ஆகட்டும்தான். நீங்க உக்காந்திருக்கற அதே நாற்காலியில உக்காந்து, தட்டுல இருந்த பிஸ்கட்ட எல்லாம் காலி பண்ணிட்டுச் சொல்றாரு: "எழுதறது உங்க சுதந்திரம். அத அனுப்பறதா வேணாமாங்கறது என் பொறுப்பு." அப்புறம் ஒரு குழுவாம். பூட்டின வீடுன்னு எழுதக்கூடாதாம், 'பயன்பாட்டை எதிர்நோக்கும் வீடு'ன்னு எழுதணுமாம். ஏன் போயிட்டாங்கன்னு கேட்ட கேள்வியே தப்பாம், என்ன பிடிச்சிருக்குன்னுதான் கேக்கணுமாம். வெளிய போறப்ப ஜன்னல் வழியா உங்க வீட்டப் பாத்தாரு. காலியாக் கெடக்கு போலன்னாரு. அத மட்டும்தான் சொன்னாரு.

எங்க வீட்டுக்காரரு வீராப்பாத்தான் இருந்தாரு. ஒரு எழுத்து மாத்த மாட்டேன்னு மேஜைய எல்லாம் தட்டினாரு. நானும் வாய் ஓயாம திட்டினேன், ஊரத் திருத்தற வேலை உங்களுக்கு எதுக்குன்னு. தெனமும் ஜன்னலாண்ட போய் நிப்பாரு, உங்க வீட்டப் பாப்பாரு, வந்து உக்காருவாரு. கடைசியில போன வாரம் முழுக்க உக்காந்து எல்லாத்தயும் மாத்தி எழுதிட்டாரு. என் மூஞ்சியப் பாக்காமலே, இத டைப் பண்ணி அனுப்பிடுன்னாரு.

பண்ணேன். பூட்டின வீடெல்லாம் எதிர்நோக்கிச்சு, சரின்னு அடிச்சேன். அந்தம்மா சொன்ன எடம் வந்துச்சு. அவங்க பேச்சு எதுவும் அதுல இல்ல. ஒரு கட்டம், அதுல 'திருப்தி: ஐந்துக்கு நான்கு'. அந்தச் சிரிப்ப இவரு எந்தக் கணக்குல சேத்தாருன்னு எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அடிக்கறத அங்கயே நிறுத்திட்டேன்.

உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன… நான் பழச அனுப்பிட்டேங்க. தெரிஞ்சேதான். ஒரு எழுத்து மாறாம அப்படியே, மேல தலைப்பு மட்டும் புதுசு. அவருக்கு இன்னும் தெரியாது. அவங்க இவரக் கேக்காம மாத்தச் சொன்னாங்க, நான் இவரக் கேக்காம மாத்தாம விட்டுட்டேன். பெருசா என்ன வித்தியாசம் சொல்லுங்க? எனக்கே அதுதான் உறுத்துது. திட்டினதும் நான்தான், மாட்டி விட்டதும் நான்தான்.

காலையில 'ஆகட்டும்' கூப்பிட்டு விட்டாரு. நான் எடுத்து வச்ச நல்ல சட்டையப் போட்டுக்கிட்டுக் கெளம்பினாரு பாவம். அதான் உங்களப் பிடிச்சு உக்கார வச்சிருக்கேன். அய்யோ எந்திரிக்காதீங்க, கேட் சத்தம் கேக்குது. வெளியாளு இருந்தா அவரு கத்த மாட்டாரு.

வாங்க. இவங்க பக்கத்து வீட்டுக்குப் புதுசா வந்திருக்காங்க, சுத்தியலுக்காக வந்தாங்க. என்ன, சிரிச்சுக்கிட்டே வரீங்க? …பாராட்டினாரா? ரொம்பப் பக்குவமா எழுதியிருக்கீங்கன்னாரா? …படிச்சாராமா? …ஓ. தலைப்ப மட்டும் பாத்துட்டே மேல அனுப்பிட்டாரா. …அச்சுக்கா? …அமைச்சரே மேடையில வாசிக்கப் போறாரா! அடுத்த வாரமேவா? …இல்ல, ஒண்ணுமில்ல, சந்தோஷந்தான். நீங்க போய் மூஞ்சி கழுவிட்டு வாங்க.

இந்தாங்க, சுத்தியல். அடுத்த வாரத்துக்குள்ள மறக்காம திருப்பிக் குடுத்துடுங்க. எங்களுக்குப் பெட்டிங்களுக்கெல்லாம் ஆணி அடிக்கணும்.