கட்டாத வேட்டி

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். யார் தயவும் இல்லாமல் குறிஞ்சிப்பாடியில் சொந்த ஜவுளிக்கடை வைத்தேன். வேட்டி விஷயத்தில் எனக்குத் தெரியாதது இல்லை என்றுதான் இருந்தேன், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்து வாக்கில் சிதம்பரத்திலிருந்து கடலூர் போன பஸ்ஸில் முன் சீட்டு அக்காள் தன் தங்கையை இப்படிக் கேட்கும் வரைக்கும்.

“ஏன்டி, ஊர்லயே இல்லாத மனுஷன் வேட்டிய எதுக்குத் தெனம் தோய்க்கிற?”

“கொடியில ஈர வேட்டி தொங்குனாத்தான் ஆம்பள வூட்டுல இருக்காருன்னு தெருவு நம்பும்க்கா.”

“எங்கதான் போறாரு?”

“சொன்னாத்தானே. வாரக்கணக்கா காணோம், அப்புறம் வந்து ஒண்ணுமே நடக்காத மாதிரி சோறு போடுங்கறாரு.”

“வெள்ளிக்கிழம ஒம்பொண்ணப் பாக்க வராங்களே. அப்பா எங்கன்னு கேட்டா?”

“குளிக்கிறாருன்னு சொல்லுவேன். அவுங்க கெளம்புற வரைக்கும் குளிப்பாரு.”

அக்காள் சிரித்துவிட்டாள். தங்கை சிரிக்கவில்லை.

“சிரிக்காதக்கா. ஓடிப்போனவன் பொண்ணுன்னு எவளும் எம்மவளச் சொல்லக்கூடாது. அதுக்கு எத்தன வேட்டி வேணாலும் தோய்ப்பேன்.”

“சரி, அன்னிக்குன்னு பாத்து அவரே வந்து நின்னுட்டா?”

மஞ்சக்குப்பம் வந்துவிட்டது. தங்கை கூடையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு எழுந்தாள்.

“நிக்கட்டும். கொடியில இருக்கற ஈர வேட்டியக் கட்டிக்கிட்டு வந்து சபையில ஒக்காரட்டும். காஞ்ச வேட்டி ஒண்ணும் அவருக்கு நான் எடுத்து வெக்கல.”