நான்கு பித்தளை மூடிகள்

வால்வு மூடி வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் நிறத்தைத்தான் பார்ப்பார்கள். கார் சக்கரத்தில் காற்றடிக்கிற வால்வின் மேல் திருகி வைக்கிற, சுண்டுவிரல் நுனியளவு மூடி அது. தொலைந்து போனால் பலர் கவனிப்பதுகூட இல்லை. ஒரு மூடிக்காக வேலையைப் போட்டுவிட்டு ஒருவர் கடைக்கு வந்தால் அவர் ஒழுங்கான ஆள் என்று வைத்துக்கொள்ளலாம். என் சகலை ஒழுங்கான ஆள்.

இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் உறைக்குள் போட்டு எடுத்து வந்த மூடியைக் காட்டி, "இது உங்க கடைல வாங்கினதா?" என்று மட்டும்தான் கேட்டீர்கள். ஆமாம் என்றிருந்தால் போயிருப்பீர்கள். "தெரிஞ்சதை எழுதிக் குடுங்க, இந்த விஷயத்துல உங்களைவிட யாருக்குத் தெரியும்" என்றும் சொன்னீர்கள். அந்த வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது. அதனால் முழுவதையும் எழுதுகிறேன்.

கார் உதிரிபாகக் கடைக் கவுன்டரில் பதினாறு வருடமாக நிற்கிறேன். என் மனைவிக்கு ஒரே தங்கை. அவளைக் கட்டியவர்தான் சகலை. அவர் வருவதற்கு முன் எட்டு வருடம் அந்த வீட்டுக்கு நான் ஒரே மாப்பிள்ளை. மாமா, அதாவது என் மனைவியின் அப்பா, எங்கே போவதென்றாலும் என் பழைய வண்டியின் முன் சீட்டில்தான் உட்காருவார். ஏறியதும் சீட்டை ஒரு பல் பின்னால் தள்ளுவார். குடையைக் கதவோரம் சொருகுவார். "மாப்பிள்ளை, காத்தெல்லாம் பார்த்தாச்சா?" என்பார். "பார்த்தாச்சு மாமா" என்பேன். எங்கள் பேச்சு பெரும்பாலும் இவ்வளவுதான். என்னைப் பெற்ற அப்பா என்னிடம் இவ்வளவுகூடக் கேட்டதில்லை.

கல்யாணமாகி மூன்றாம் மாதம் சகலை புதுக் கார் வாங்கினார். முதல் தடவை எல்லோரும் கிளம்பியபோது மாமா என் வண்டிக் கதவைத் திறந்தார். ஏறப் போகிறார் என்று நினைத்து நான் சீட்டைத் தட்டிவிட்டேன். அவர் குடையை மட்டும் உருவிக்கொண்டு அந்த வண்டிக்குப் போய்விட்டார்.

முன்னே பிறந்த காதைவிடப் பின்னே முளைத்த கொம்பு பலம் என்பார்கள். கேலிக்குச் சொல்கிற பழமொழி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். எனக்கு வயிறு எரிந்தது. இதை இன்னும் மரியாதையான வார்த்தையில் சொல்லத் தெரியவில்லை.

சகலை கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் என்னை வாய் நிறைய அண்ணே என்று கூப்பிட்டார். என் மகள் சித்தப்பா என்றால் உயிரை விடுவாள். அந்தச் சிரிப்பும் பேச்சும் பார்த்து மாமாவுக்கு அவரைப் பிடித்ததில் தப்பே சொல்ல முடியாது. அதுதான் தாங்கவில்லை.

காற்று மட்டும் என்னிடம் மிச்சம் இருந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் மாமா வீட்டு வாசலில் வைத்து எல்லா வண்டிக்கும் நான்தான் காற்றுப் பார்ப்பேன். ஒரு ஞாயிறு நான் போய்ச் சேர்ந்தபோது சகலை, சோப்புப் பெட்டி அளவில் ஒரு கரண்ட் பம்ப்பை வைத்துக்கொண்டு தானே காற்றடித்துக்கொண்டிருந்தார். மாமா பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அதில் ஓடும் எண்களைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். "பார்த்தீங்களா மாப்பிள்ளை, இனிமே உங்களுக்கு இந்தத் தொந்தரவு இல்லை" என்றார். எனக்கு அது ஒரு நாளும் தொந்தரவாக இருந்ததில்லை.

அன்று சகலை ஒரு மூடியைத் தொலைத்துவிட்டார். மறுநாள் கடைக்கு வந்தார்.

"எது நல்லதோ நீங்களே பார்த்து எடுங்கண்ணே. உங்களுக்குத் தெரியாததா?"

என் கை முதலில் கறுப்புப் பிளாஸ்டிக் மூடிக்குத்தான் போனது. சரியான மூடி அதுதான். அவர் வண்டியின் வால்வு அலுமினியம். அதன் மேல் பித்தளையைத் திருகித் தண்ணீர் பட விட்டால் இரண்டும் அரித்து ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். அப்புறம் கையால் வராது. குறடு போட்டால் வால்வே ஒடியும். கவுன்டரில் நிற்கிறவனுக்கு இது அரிச்சுவடி. சகலை வாரம் தவறாமல் வண்டி கழுவுகிறவர். நான் கறுப்பை டப்பாவில் திரும்பப் போட்டுவிட்டு நான்கு பித்தளை மூடிகளை எடுத்தேன்.

"நாலையும் மாத்திடலாம் தம்பி, எடுப்பா இருக்கும். என் பரிசா வச்சுக்குங்க."

நானே வெளியே போய்க் குனிந்து நான்கையும் திருகினேன். அந்தப் பம்ப் இனி உதவக் கூடாது என்பதைத் தவிர அப்போது என் மனதில் வேறு எதுவும் இல்லை.

மழைக்காலம் முடிந்ததும் வந்தார். "மூடி அசையவே மாட்டேங்குதுண்ணே."

தொட்டுப் பார்த்தேன். நன்றாகப் பிடித்திருந்தது. "விடுங்க தம்பி. மூடி இவ்வளவு இறுக்கமா இருந்தா காத்து எங்க போகும்?"

ஐயா, காற்றைப் பிடித்து வைப்பது மூடி இல்லை, வால்வுக்குள் இருக்கும் ஊசி. மூடி தூசிக்குத்தான். எந்தச் சக்கரத்திலும் மாதாமாதம் காற்று கொஞ்சம் இறங்கும். இது பாதிப் பேருக்குத் தெரியாது. சகலைக்கும் தெரியவில்லை. நிம்மதியாகப் போனார்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி வந்தார். டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிகிறது, காற்று குறைவு என்று காட்டுகிறது என்றார். வண்டியே அவரிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறது. நான் சென்சார் கோளாறு என்றேன், புதுசு ஆர்டர் போடுவதாகச் சொன்னேன். போடவில்லை. அதைக் கேட்க அவர் அடிக்கடி வந்தார். ஒரு முறை மாமாவும் கூட வந்து, "பெரிய மாப்பிள்ளை பார்த்துக்குவார், விடுங்க" என்றார். அந்த மாதங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன்.

மாமாவின் கண் பரிசோதனைக்கு அடுத்த நகரத்துக்குப் போக வேண்டியிருந்தது. மூன்று மணி நேரப் பயணம். அப்படியே கடற்கரைக்கும் போய் வரலாம் என்று இரண்டு வண்டியில் கிளம்பினோம். மச்சினிக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. காலை வெளிச்சத்தில் சகலையின் வண்டியைப் பார்த்தேன். டிரைவர் பக்கத்து முன் சக்கரம் வயிறு பிதுங்கி நின்றது. அப்படி ஒரு சக்கரம் நெடுஞ்சாலை வேகத்தில் எவ்வளவு தூரம் போகும் என்று எனக்குத் தெரியும்.

மகள் ஓடிப்போய் அந்த வண்டியில் ஏறிவிட்டாள். நான் போய் இறக்கினேன். அழுதாள். பிறகு மாமாவிடம், "இன்னிக்கு என் வண்டில வாங்களேன் மாமா" என்றேன்.

"அதுல ஏசி நல்லா இருக்கு மாப்பிள்ளை" என்றார்.

ஒரு தடவை கேட்டேன். இன்னொரு தடவை கேட்டிருந்தால் வந்திருப்பார். கெஞ்சுவது எனக்குப் பழக்கமில்லை.

நெடுஞ்சாலையில் நான் நன்றாகத் தள்ளியே ஓட்டினேன். "ஏன் இவ்வளவு பின்னாடி வர்றீங்க?" என்று மனைவி கேட்டாள். இரண்டாவது மணி நேரத்தில் அந்தச் சக்கரம் வெடித்தது. வண்டி நடுத் தடுப்பில் ஏறிப் புரண்டது. சகலை அங்கேயே போய்விட்டார். மாமாவுக்கு இடது கால் மூன்று இடத்தில் முறிந்தது. நான்தான் அவரை வெளியே இழுத்தேன். கதவோரம் சொருகியிருந்த குடையையும் எடுத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். "லைட் எரியுதேன்னு கேட்டேன் மாப்பிள்ளை. 'அண்ணன் பார்த்துட்டார் மாமா, அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்'னார். சொல்லி வாய் மூடலை."

உள்ளதை எழுதுகிறேன். அதைக் கேட்டபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த வீட்டில் யாரும் என்னைப் பற்றி அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

மூன்றாம் நாள் மனைவி, "பாப்பாவை ஏன் அந்த வண்டிலேர்ந்து இறக்கினீங்க?" என்று கேட்டாள். ஆஸ்பத்திரிக்கு நேரமாயிற்று என்று கிளம்பினேன். அவள் மறுபடி கேட்கவில்லை. இப்போது மகளைப் பள்ளிக்கு நடத்தியே கூட்டிப்போகிறாள்.

நீங்கள் என்ன எழுதச் சொல்வீர்கள் என்று தெரியும், நானே எழுதிவிடுகிறேன். மூடியைத் தெரிந்துதான் எடுத்தேன். பொய்யைத் தெரிந்துதான் சொன்னேன். சக்கரத்தைப் பார்த்த பிறகும் அவரைப் போகவிட்டேன். என் சகலையைக் கொன்றது நான்.

ஒரே ஒரு வேண்டுகோள். வியாழக்கிழமை மாமாவை டாக்டரிடம் காட்ட வேண்டும், வாரா வாரம் நான்தான் கூட்டிப்போகிறேன். அது முடிந்த பிறகு என்னைக் கைது செய்யுங்கள். கிளம்புவதற்கு முன் நான்கு சக்கரத்திலும் காற்றுப் பார்த்துவிடுவேன். முன் சீட்டைத் துடைத்து, ஒரு பல் பின்னால் தள்ளி வைப்பேன். குடை பழைய இடத்திலேயே இருக்கிறது. அவர் ஒன்றும் கேட்காமல் பின் கதவைத் திறந்து ஏறிக்கொள்கிறார். காலை நீட்டிக்கொள்ள அங்கேதான் வசதி. கால் சரியானதும் முன்னால் வந்துவிடுவார்.