சனிக்கிழமை பத்து மணி நேர்காணல்

நேற்று நீங்கள் வாங்கித் தந்த தே தாரிக் நன்றாக இருந்தது, இன்ஸ்பெக்டர். சீனி கொஞ்சம் தூக்கல். ஆனால் எதிரில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கும்போது குடிக்கிற தேநீரில் நான் குறை சொல்வதில்லை. நடந்ததைச் சொந்த வார்த்தையில், தமிழிலேயே எழுதித் தரலாம் என்றீர்கள். நன்றி. முப்பத்தொரு வருஷம் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் ஆள்சேர்ப்புப் பிரிவில் இருந்தவன் நான். அடுத்தவர்கள் எழுதிக் கொடுத்ததைப் படித்தே காலம் போய்விட்டது. இப்போது நான் எழுதுவதை நீங்கள் படிக்கப் போகிறீர்கள்.

பெயர் சிதம்பரநாதன். வயது அறுபத்து மூன்று. மனைவி காமாட்சி இறந்து நான்கு வருஷம் ஆகிறது. மகன் கணேஷ் மெல்பர்னில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வருவான், பேரனைக் காட்டுவான், பிறகு "அப்பா, உங்க பக்கம் லைன் சரியில்ல" என்பான். ஜெலுத்தோங்கில் என் அடுக்குமாடி வீட்டில் லைன் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள் நல்லவர்கள், லிஃப்டில் பார்த்தால் தலையாட்டுவார்கள். ஒரு தடவை ஐந்து நாள் நான் யாரிடமும் பேசவில்லை. ஆறாம் நாள் கடையில் ரொட்டி கேட்டபோது குரல் எழும்பவில்லை. நான் ஊமை என்று நினைத்து, கடைக்காரர் விலையை விரலால் காட்டினார். அன்று மாலைதான் அந்த விளம்பரத்தை எழுதினேன்.

இணையத்தில் போட்டேன். காமாட்சி பில்டிங் சர்வீசஸ், ஜார்ஜ்டவுன். கட்டடப் பராமரிப்புக்கு ஆட்கள் தேவை. பகல் வேலை மட்டும். அப்படி ஒரு கம்பெனி இல்லை, வேலையும் இல்லை. ஆனால் கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தேன்: தற்போது வேலையில் இருப்பவர்கள் மட்டும் விண்ணப்பிக்கவும். இந்த வரியைத் தயவுசெய்து கோப்பில் குறித்துக்கொள்ளுங்கள். வேலையில்லாதவனை அலைய விடுவது பாவம். அதை நான் ஒருநாளும் செய்யவில்லை. வேலையில் இருப்பவனுக்கு அரைநாள் போகும், அவ்வளவுதான்.

இன்னொரு காரணமும் உண்டு. வேலையில் இருந்துகொண்டே வேறு வேலை தேடுகிறவர்கள் மாதிரி பேசத் துடிக்கிறவர்கள் உலகத்தில் கிடையாது. முதலாளியிடம் சொல்ல முடியாது. கூட வேலை செய்கிறவனிடம் சொன்னால் காதுக்குக் காது மாறி மேலே போய்விடும். சிலர் வீட்டிலும் சொல்லியிருக்க மாட்டார்கள். எம்.சி. என்கிற மருத்துவ விடுப்பு எடுத்துக்கொண்டு, உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லிவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு வருவார்கள். உட்கார்ந்ததும் கதவை ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார்கள். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன். இப்போதைய வேலையை ஏன் விட நினைக்கிறீர்கள்? ஒரு மணி நேரம் பேசுவார்கள். சிலர் அழுவார்கள். "இத யார்கிட்டயும் சொன்னதில்ல சார்" என்பார்கள்.

இடம், டவுனில் ஒரு ஹோட்டலின் கீழ்த்தளம். சனிக்கிழமை பத்து மணி. அங்கே வேலை செய்யும் சலேஹா என்னைப் பெரிய முதலாளி என்று நினைத்து மூலை மேசையை எனக்காக ஒதுக்கி வைப்பாள். இரண்டு வருஷத்தில் நாற்பத்து மூன்று பேர் வந்தார்கள். யாரிடமும் நான் ஒரு காசு வாங்கியதில்லை. எல்லாருக்கும் என் கையெழுத்தோடு வருத்தக் கடிதம் அனுப்பினேன். இந்தக் காலத்தில் உண்மையான கம்பெனிகளே அதைச் செய்வதில்லை.

நாற்பத்து நான்காவது ஆள் தயாளன்.

புக்கிட் தெங்கா தொழிற்சாலை ஒன்றில் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் வேலை. முப்பத்தெட்டு வயது. கடல் பாலத்தைக் கடந்து தீவுக்கு மோட்டார் சைக்கிளில் வந்தவர், ஹெல்மெட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். சம்பளத்தைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. "நைட் ஷிப்ட் கிடையாதுதானே சார்?" என்று மட்டும் மூன்று தடவை கேட்டார். மனைவி குணவதிக்கு வலிப்பு நோய். பிள்ளைகள் இல்லை. இரவில் அவரைத் தனியாக விடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் தயாளனுக்கு இரவு வேலை. "அந்த வாரம் பூரா வேலையில மனசே நிக்காது சார். அவ தூங்கிட்டாளா, விழுந்துட்டாளான்னு தெரியாம ரொம்ப சூசாவா, கஷ்டமா இருக்கும்" என்றார்.

எழுந்து போகும்போது திரும்பி நின்று, "சார், நீங்க பசியாறிட்டீங்களா?" என்று கேட்டார். நாற்பத்து மூன்று பேரில் ஒருவரும் என்னைக் கேட்காத கேள்வி.

அவருக்கு வருத்தக் கடிதம் அனுப்ப எனக்குக் கை வரவில்லை. இரண்டாம் கட்ட நேர்காணல் என்று கூப்பிட்டேன். பிறகு மூன்றாம் கட்டம். மூன்றாவது வாரம் குணவதி கொடுத்துவிட்டதாக ஒரு டப்பாவில் இடியாப்பமும் சொதியும் வந்தது. சலேஹா இரண்டு தட்டு கொண்டுவந்தாள். நாங்கள் சாப்பிட்டோம். என் மகன் சிறுவனாக இருந்தபோது தண்ணீர்த் தொட்டிக்குள் செருப்பைப் போட்ட கதையைச் சொன்னேன், தயாளன் வாய்விட்டுச் சிரித்தார். அந்த வாரம் முழுக்க நான் சந்தோஷமாக இருந்தேன். இதை ஒளிக்க விரும்பவில்லை.

ஐந்தாம் சனிக்கிழமை அவர் முகம் மலர்ந்து வந்தார். தீவிலேயே ஒரு தனியார் மருத்துவமனையில் பராமரிப்பு வேலை கிடைத்திருக்கிறது. காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"நீங்க என்ன சார் சொல்றீங்க? உங்ககிட்ட கேக்காம முடிவு பண்ண மனசு வரல."

அதை ஏற்காதே என்று நான் சொல்லவில்லை. மருத்துவமனை என்றால் ராத்திரியில் கரண்டு போனாலும் கூப்பிடுவார்கள் தம்பி, என்று மட்டும் சொன்னேன். திங்கட்கிழமை எங்கள் கம்பெனியின் நியமனக் கடிதத்தைக் கொடுத்தேன். உதவி மேற்பார்வையாளர் பதவி. கெட்டியான நல்ல தாள். அவர் மருத்துவமனைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தொழிற்சாலையில் ஒரு மாத நோட்டீஸ் கொடுத்தார்.

அந்த மாதம் முடிந்ததும் வேலையில் சேரும் தேதியைத் தள்ளிப்போட்டேன். நகராட்சி அனுமதி இன்னும் வரவில்லை என்றேன். மறுபடியும் தள்ளினேன். அவர் தினமும் போன் செய்தார். காலை ஒன்பது மணிக்கு என் வீட்டில் போன் அடிக்கும். "குட் மார்னிங் சார், ஏதும் நியூஸ் இருக்கா? பரவால்ல லா சார், நீங்க பசியாறிட்டீங்களா?" என் வாழ்க்கையில் அப்படித் தினமும் என்னைக் கேட்டவள் காமாட்சி மட்டும்தான். எட்டரைக்கே குளித்துவிட்டுப் போன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன்.

கையில் வேலை இல்லாமல் இருக்க அவர் கூச்சப்பட்டார். ஓர் ஏஜென்ட் மூலமாகப் பாலத்துக்கு அந்தப் பக்கம் பிறை என்ற ஊரில் ஒரு கிடங்குக்குக் காவல் வேலையில் சேர்ந்தார். இரவு வேலை. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் இல்லை, எல்லா இரவும். "நீங்க கூப்பிடுற வரைக்கும்தானே சார்" என்றார். அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று நேற்று நீங்கள் கேட்டீர்கள். சொல்லியிருந்தால் மறுநாள் ஒன்பது மணிக்குப் போன் வந்திருக்குமா?

அந்த வேலையின் மூன்றாவது வாரம் ஓர் இரவு குணவதி குளியலறையில் விழுந்துவிட்டார். தலையில் அடி. காலையில் வேலை முடிந்து வந்த தயாளன்தான் பார்த்திருக்கிறார். ஒன்பது மணிக்கு எனக்குப் போன் வந்தது.

"சார், குணா போய்ட்டா சார். இந்த வாரம் நீங்க கூப்பிட்டா என்னால வர முடியாது. தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன்.

சாவு வீட்டுக்குப் போனேன். போகாமல் இருப்பது மரியாதை இல்லை. கூடாரத்தில் அவ்வளவு பேர். தயாளன் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாரிடமும் சொன்னார், "இவருதான் என் புது பாஸ். வேலைக்குச் சேர்றதுக்கு முன்னயே வந்திருக்காரு பாருங்க." உடனே ஒருவர் எழுந்து ஃபேனுக்கு நேரான நாற்காலியைக் கொடுத்தார். ஒரு அக்கா மைலோ கலக்கிக்கொண்டுவந்தார். எனக்குப் பக்கத்தில் மனிதர்கள் உட்கார்ந்தார்கள், பேசினார்கள், மகன் எங்கே இருக்கிறான் என்று விசாரித்தார்கள். மாலைவரை இருந்தேன். குணவதியின் அண்ணன் தங்கராஜு, கம்பெனி முகவரி அச்சடித்த என் கார்டை வாங்கிக்கொண்டார். கருமாதி முடிந்ததும் எனக்கு நன்றி சொல்ல ஒரு கூடைப் பழத்தோடு அந்த முகவரிக்குப் போயிருக்கிறார். அது ஆளில்லாத கடைவீடு. உள்ளே கூடு கட்டும் குருவிகள்தான் இருக்கின்றன. மற்றதெல்லாம் அவர் கொடுத்த புகாரில் இருக்கிறது.

நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் எழுதுகிறேன். மருத்துவமனை வேலையில் சேர்ந்திருந்தால் அன்று இரவு தயாளன் வீட்டில் இருந்திருப்பார். அது எனக்குத் தெரியும். கடிதத்தில் கையெழுத்துப் போடும்போதே தெரியும். சேர்ந்துவிட்டால் சனிக்கிழமை என்னைப் பார்க்க வரமாட்டார் என்பதும் தெரியும். அதனால்தான் கையெழுத்துப் போட்டேன்.

ஒரு விஷயம். நேற்று உங்கள் கோப்பிலிருந்து ஒரு தாள் நழுவி விழுந்தது. வேலை விண்ணப்பம், உங்கள் படம் ஒட்டியது. நான்தான் குனிந்து எடுத்துக் கொடுத்தேன். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தீர்கள். கவலைப்படாதீர்கள், நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். உங்கள் விசாரணை அறையில் நாற்காலி வசதியாகத்தான் இருக்கிறது, எனக்கும் அவசரமில்லை. நாளை தே தாரிக் வாங்கிவரும்போது உங்களுக்கும் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், சீனி குறைவாக.

உட்கார்ந்து நிதானமாகச் சொல்லுங்கள். இப்போதைய வேலையை ஏன் விட நினைக்கிறீர்கள்?